தோள் ஜவ்வு கிழிந்திருந்தால் அறுவை சிகிச்சை இல்லாமல் சரியாகுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு 61 வயது. ஐந்து மாதமாக வலது தோளில் வலி. எங்கும் விழவில்லை, அடிபடவில்லை. எம்ஆர்ஐ அறிக்கையில் ‘சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணில் முழுத்தடிமக் கிழிசல், 14 மில்லிமீட்டர்’ என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் தைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஊசியும் பிசியோதெரபியும் போதும் என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, ஆபரேஷன் என்றாலே பயம். கத்தி வைக்காமல் இந்தக் கிழிசலைச் சேர்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கிழிந்த ஜவ்வு தானாக ஒட்டுமா என்பது ஒன்று. ஒட்டாமலே வலி குறைந்து, கை மேலே போய், அம்மா தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் ஒட்டாது. இரண்டாவதற்கு என் பதில், பெரும்பாலும் முடியும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். வேறு சிலர் ‘கிழிசலை ஒட்டவைக்கும்’ என்று விற்கப்படும் எதையும் நம்பிப் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கு மேலாக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானவர்கள் தோள் பிரச்சினைக்காரர்கள். அறுவை நிபுணர் அல்ல, அதனால் தைப்பதன் நுணுக்கங்களை நான் பேசப் போவதில்லை. அம்மாவின் தோளைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. எனவே கீழே எழுதுவது அவருக்கான மருந்துச்சீட்டு ஆகாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும், வீட்டில் எதைத் தொடங்கலாம், எதற்காகக் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இது உதவும்.

முதலில் அந்த அறிக்கை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தோள் மூட்டு, ஆழமில்லாத தட்டின் மேல் பந்தை வைத்தது போன்ற அமைப்பு. பந்து தட்டைவிட்டு நழுவாமல் பிடித்துக்கொள்வது நான்கு தசைகளின் வேலை. மேலே சுப்ராஸ்பினேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பினேட்டஸ், அதற்குக் கீழே டெரெஸ் மைனர், முன்னால் சப்ஸ்கேபுலாரிஸ். இவற்றின் நாண்கள் ஒன்றோடொன்று கலந்து, கைப்பட்டை போலக் கை எலும்பின் தலையைச் சுற்றி ஒட்டியிருக்கின்றன. இதைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறோம், பேச்சுவழக்கில் தோள் ஜவ்வு என்பதும் இந்த நாண்களைத்தான். ‘முழுத்தடிமம்’ என்ற சொல் பலரைக் கலங்கடித்துவிடுகிறது. ஜவ்வு முழுவதும் அறுந்து தொங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அப்படிப் பொருள் இல்லை. துணி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது பகுதிக் கிழிசல். மேலிருந்து கீழ்வரை ஓட்டை விழுந்திருந்தால் அது முழுத்தடிமக் கிழிசல். ஓட்டையைச் சுற்றி நல்ல துணி நிறையவே இருக்கலாம். 1 செ.மீ.க்குள் இருந்தால் சிறியது, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3 முதல் 5 வரை பெரியது, அதற்கும் மேலே போனால் மிகப் பெரியது என்று பிரிப்பது வழக்கம். அம்மாவுடையது நடுத்தரத்தின் கீழ்ப்பகுதியில் வருகிறது.

அடுத்து நான் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் கிழிசல் தெரிகிறது. 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களில் 28 சதவீதம் பேருக்கு முழுத்தடிமக் கிழிசலும் 26 சதவீதம் பேருக்குப் பகுதிக் கிழிசலும் இருந்தன. பாதிக்கு மேற்பட்டவர்கள் தமக்கே தெரியாமல் கிழிசலோடு நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அம்மாவின் இடது தோளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அங்கும் ஏதாவது இருந்தாலும் இருக்கும். வயதாக ஆக ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, நார்கள் இற்றுப்போகின்றன. சர்க்கரையும் புகைப்பழக்கமும் அதை விரைவுபடுத்துகின்றன. இன்னொன்றும் உண்டு. கிழிசல் எவ்வளவு பெரிது என்பதற்கும் வலி எவ்வளவு கடுமை என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 8 மில்லிமீட்டர் கிழிசலோடு இரவெல்லாம் தூங்காமல் தவித்தவரையும் பார்த்திருக்கிறேன், 4 செ.மீ. கிழிசலோடு ‘லேசாகத்தான் வலிக்கிறது’ என்று வந்தவரையும் பார்த்திருக்கிறேன். வலி பெரும்பாலும் கிழிசலைச் சுற்றியிருக்கும் அழற்சி, இறுக்கம், தசைகளின் பலவீனம் எல்லாம் சேர்ந்து தருவது. கிழிசலைத் தொடாமலேயே இவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதுதான் அறுவை இல்லாத சிகிச்சையின் அடிப்படை.

அது எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி வந்தார், அம்மா வயதுதான். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். கை மேலே போவதற்கு முன்னால் தோள்பட்டை முழுவதும் காதை நோக்கி ஏறியது, உடம்பு மறுபக்கம் சாய்ந்தது, முகம் சுளித்தது. 70 டிகிரியில் நின்றுவிட்டார். அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் என் கட்டைவிரலை வைத்து, எலும்பு சுழல வேண்டிய திசையில் லேசாகத் தள்ளிக்கொடுத்து, மீண்டும் தூக்கச் சொன்னேன். கை 100 டிகிரியைத் தாண்டியது. ‘என்ன செய்தீர்கள்?’ என்று திரும்பிப் பார்த்தார். ஓட்டை அப்படியேதான் இருந்தது. தோள்மேல் மூடியிருக்கும் டெல்டாய்டு தசை கையை மேலே இழுக்கும்போது, பந்தைத் தட்டின் நடுவில் அழுத்திப் பிடிக்க முன்னாலும் பின்னாலும் உள்ள நாண்கள் போதும். அவை வலுவாக இருந்து, தோள்பட்டை எலும்பும் சரியாகச் சுழன்றால், மேலே இருக்கும் ஒரு சிறு ஓட்டையை உடம்பு சமாளித்துக்கொள்கிறது. பயிற்சி என்பது கட்டைவிரல் கொடுத்த அந்த உதவியைத் தசைகளே கொடுக்கப் பழக்குவது. அந்தப் பெண்மணிக்கு அதற்கு மூன்று மாதம் பிடித்தது.

சரி, இதற்கு ஆதாரம் என்ன? அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, அடிபடாமல் வந்த முழுத்தடிமக் கிழிசல் உள்ள 452 பேருக்கு முதலில் பிசியோதெரபி கொடுத்து, தொடர்ந்து கவனித்தன. இரண்டு வருடத்தில் அறுவைக்குப் போனவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. போனவர்களும் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் கணக்கு நாலில் ஒன்றுக்குச் சற்றுதான் மேலே இருந்தது. இது ஒப்பீட்டு ஆய்வு இல்லை, அதனால் இதை மட்டும் வைத்து அறுவையைவிட இது மேல் என்று சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். 55 வயதைத் தாண்டியவர்களின் 180 தோள்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒன்றுக்குப் பிசியோதெரபி மட்டும், இன்னொன்றுக்கு எலும்பைச் சற்றுச் செதுக்கிவிட்டுப் பிசியோதெரபி, மூன்றாவதற்குச் செதுக்கி ஜவ்வையும் தைத்துப் பிசியோதெரபி என்று கொடுத்தார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து வலியிலும் இயக்கத்திலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. உங்கள் அம்மாவின் நிலைக்கு மிக நெருக்கமான ஆய்வு இதுதான்.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைப்பது நியாயம் இல்லை. நார்வேயில் 103 பேரை வைத்து, 3 செ.மீ.க்கு உட்பட்ட கிழிசல்களில் தைப்பதையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். முதல் சில வருடங்களில் தைத்தவர்களுக்குக் கிடைத்த கூடுதல் பலன் சின்னதுதான். பத்து வருடம் கழித்து அந்த இடைவெளி கூடியிருந்தது. பிசியோதெரபி குழுவில் இருந்த 51 பேரில் 14 பேர் இடையில் அறுவைக்கு மாறிவிட்டார்கள். இதை நான் புரிந்துகொள்வது இப்படி: அடுத்த ஓரிரு வருடத்துக்கு அம்மா நன்றாக இருக்கப் பயிற்சி போதும் என்பதை உறுதியாகச் சொல்லலாம். அடுத்த 15 வருடத்துக்கும் அது போதுமா என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 61 வயது என்பது இந்த எல்லைக்கோட்டில் நிற்கும் வயது. 45 வயதுக்காரராக இருந்தால் நானே அறுவை நிபுணரைச் சீக்கிரம் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். 75 வயதாக இருந்தால் இவ்வளவு யோசிக்கவே மாட்டேன்.

ஏன் இந்தத் தயக்கம் என்றால், கிழிசல் அப்படியே நின்றுவிடுவதில்லை. வலி இல்லாத கிழிசல் உள்ள 224 பேரைச் சுமார் ஐந்து வருடம் அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து பார்த்ததில், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கிழிசல் பெரிதாகியிருந்தது. முழுத்தடிமக் கிழிசல்களில் இது 61 சதவீதம். பெரிதாகும்போது சிலருக்கு வலியும் வருகிறது. இன்னொரு மாற்றம் வெளியே தெரியாமல் நடக்கிறது. வேலை இல்லாமல் போன தசைக்குள் கொழுப்பு படிகிறது. அது அதிகமாகிவிட்டால் பிறகு தைத்தாலும் தசை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, தைத்த இடமும் பிடிப்பது கஷ்டம். ஆகவே அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், அந்த முடிவைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்து 14 என்பது 14ஆகவே இருக்கிறதா என்று பார்க்கலாம். எம்ஆர்ஐ மீண்டும் மீண்டும் தேவையில்லை. உங்கள் மருத்துவரிடம் இப்போது கேட்க வேண்டியவை மூன்று: நாணின் முனை எவ்வளவு தூரம் உள்ளே சுருங்கிப் போயிருக்கிறது, தசையில் கொழுப்பு படிந்திருக்கிறதா, சப்ஸ்கேபுலாரிஸும் இன்ஃப்ராஸ்பினேட்டஸும் முழுதாக இருக்கின்றனவா. 14 மில்லிமீட்டர் என்ற எண்ணைவிட இந்த மூன்று பதில்களும் எனக்கு அதிகம் சொல்லும்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. கீழே விழுந்தோ, கை சட்டென்று இழுபட்டோ, அன்றே கையைத் தூக்க முடியாமல் போயிருந்தால் அது வேறு கதை. தேய்ந்து வந்த கிழிசலுக்குச் சொல்வதை அதற்குச் சொல்ல முடியாது. அங்கே வாரங்கள் முக்கியம், உடனே அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். 40 வயதுக்கு மேல் தோள் கழன்று மூட்டைச் சேர்த்த பிறகும் கை எழவில்லை என்றாலும் அப்படித்தான். காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிவது, கழுத்திலிருந்து விரல்வரை மரத்துப்போவது ஆகியவற்றோடு வரும் தோள்வலியை ஜவ்வின் மேல் போட்டுவிடக் கூடாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அவர் தளர்வாக மல்லாந்து படுத்திருக்க, நீங்கள் மெல்ல அவர் கையைத் தூக்கிப் பாருங்கள். நீங்கள் தூக்கும்போது தலைவரை போய், அவராகத் தூக்கும்போது மட்டும் நின்றால் அது ஜவ்வு பலவீனத்தின் போக்கு. நீங்கள் தூக்கினாலும் சுவரில் இடித்தது போல நின்றுவிட்டால், மூட்டு உறை இறுகிப்போகும் ஃப்ரோஸன் ஷோல்டர் சேர்ந்திருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வருகிறது. ஸ்கேனில் கிழிசல் தெரிந்துவிட்டதால் இந்த இறுக்கத்தை யாருமே கவனிக்காமல் விட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். இறுக்கம் இருந்தால் வலுவூட்டும் பயிற்சியை முதலில் கொடுக்கக் கூடாது, தளர்த்துவதில்தான் தொடங்க வேண்டும்.

மாத்திரைகள் வலியை அடக்கி, பயிற்சி செய்ய வழிவிடும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். பாராசிட்டமாலில் தொடங்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் போன்றவை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் நல்லதில்லை, மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் எடுக்கக் கூடாது. ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். அது விஷமும் இல்லை, நோயை முழுதாகத் தீர்த்துவைக்கும் மருந்தும் இல்லை. பிரிட்டனில் தோள் ஜவ்வு வலி உள்ள 708 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு எட்டாவது வாரத்தில் சற்று நிம்மதி தெரிந்தது. ஒரு வருடத்தில் ஊசி போட்டவரும் போடாதவரும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆகவே வலியால் தூக்கமே இல்லை, பயிற்சியே செய்ய முடியவில்லை என்ற நிலையில் ஒரு ஊசி போட்டு, அது தரும் சில வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்வது எனக்குச் சம்மதம். ஊசி போட்டு வலி போனதும் பயிற்சியை விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து அடுத்த ஊசிக்கு வருவது எனக்குச் சம்மதமில்லை. திரும்பத் திரும்பப் போடும் ஸ்டீராய்டு, நாணின் நாரையே பலவீனப்படுத்தும். அம்மாவுக்கு ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும், அந்த நாட்களில் அளந்து பார்க்க வேண்டும். அறுவை செய்யும் எண்ணம் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் அறுவை செய்தால் தொற்று அபாயம் கூடுகிறது.

பிஆர்பி என்று சொல்லப்படும், சொந்த ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டுகளைப் பிரித்துச் செலுத்தும் ஊசியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பகுதிக் கிழிசலில் சிலருக்கு வலி குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, வெறும் உப்புநீர் ஊசிக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை என்று சில சொல்கின்றன. தயாரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. முழுத்தடிமக் கிழிசலை அது ஒட்டவைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால், அந்த உறுதிக்கு அடிப்படை இல்லை. செலவைத் தாங்க முடியும், மற்றதெல்லாம் செய்து பார்த்தாயிற்று என்றால் முயலலாம், முதல் வேலையாகச் செய்ய வேண்டாம். அதிர்வலைச் சிகிச்சை நாணில் சுண்ணாம்பு படிந்திருந்தால் உதவும், கிழிசலுக்கு உதவாது. பிசியோதெரபி என்ற பெயரில் தோளில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியைத் தேய்ப்பது, மின்தூண்டல், சூடு, கலர் கலராக டேப் ஒட்டுவது எல்லாம் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கலாம். அதோடு அனுப்பிவிட்டால் அம்மாவுக்குப் பிசியோதெரபி கிடைக்கவில்லை என்றுதான் பொருள். இதைச் சொல்ல என் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்கு வருத்தம்தான். ‘பிசியோ செய்து பார்த்தேன், கேட்கவில்லை’ என்று வருபவர்களிடம் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால், பத்து நாள் கருவி வைத்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கிறது.

இனி பயிற்சி. முதல் இரண்டு, மூன்று வாரம் அசைவுக்கு. நல்ல கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைக் கயிறு போலத் தொங்கவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினால் கை தானாக ஊசலாடும். கையை ஆட்டக் கூடாது, உடம்பைத்தான் ஆட்ட வேண்டும். நூறு வருடத்துக்கு முன்பே இந்த ஜவ்வுக் கிழிசலை ஆராய்ந்த பாஸ்டன் மருத்துவர் கோட்மனின் பெயரால்தான் இந்தப் பயிற்சி இன்றும் அழைக்கப்படுகிறது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் துண்டை விரித்து அதன்மேல் கையை வைத்து, உடம்பை முன்னால் சாய்த்துத் துண்டைத் தள்ளிக்கொண்டு போவது. மல்லாந்து படுத்து, ஒரு குச்சியை இரண்டு கைகளாலும் பிடித்து, நல்ல கை வலிக்கும் கையைத் தலைக்கு மேல் கூட்டிக்கொண்டு போவது. இவற்றைத் தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றும் பத்துத் தடவை செய்தால் போதும்.

வலி சற்று அடங்கியதும் வலுவுக்கு மாறவேண்டும். பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சுருட்டிய கைத்துண்டை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைத்துண்டு கீழே விழக் கூடாது, அதுதான் கணக்கு. புறங்கையைக் கதவுச் சட்டத்தில் வைத்து வெளிப்பக்கமாக அழுத்தி, ஐந்து எண்ணி விடவேண்டும். கை நகராது, தசை மட்டும் வேலை செய்யும். ஒரு வாரம் கழித்து மெல்லிய ரப்பர் பட்டையைப் பிடித்து அதே அசைவை உண்மையாகவே செய்யலாம். உள்பக்கமாக இழுப்பதும், பட்டையை நெஞ்சை நோக்கி இழுத்துத் தோள்பட்டைகளை முதுகில் நெருக்குவதும் இதனோடு சேரும். டெல்டாய்டுக்கு, மல்லாந்து படுத்துக் கையைக் கூரையை நோக்கி நிமிர்த்தி, சின்ன அசைவுகளாக முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். பழகியதும் தலைப்பக்கத்தைத் தலையணை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கடைசியில் உட்கார்ந்து செய்யலாம். தைக்கவே முடியாத அளவுக்குக் கிழிந்த, சராசரி 80 வயதானவர்களுக்கே இந்தப் படுத்துச் செய்யும் பயிற்சியால் கை எழுந்ததை இங்கிலாந்தின் ரெடிங் நகர மருத்துவர்கள் 2008இல் பதிவு செய்திருக்கிறார்கள். வலுப்பயிற்சி தினமும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து முதல் பதினைந்து தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று.

எவ்வளவு வலி வரலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். வலியே வரக் கூடாது என்று நினைத்தால் பயிற்சி நடக்காது, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் ஜவ்வு கோபித்துக்கொள்ளும். பத்துக்கு நான்கு வரை வலி பரவாயில்லை. அடுத்த நாள் காலை அது முந்தைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் செய்ததில் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டாம். கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் (ஸ்லிங்) மாட்டி வாரக்கணக்கில் வைப்பதும் தவறு, மூட்டு இறுகிவிடும். செய்யக் கூடாதது என்றால், உடம்பிலிருந்து விலக்கி நீட்டிய கையில் கனத்தைத் தூக்குவதும், தலைக்கு மேலிருந்து கனமானதை இறக்குவதும்தான். மற்ற வேலைகளுக்குக் கை பயன்பட்டுக்கொண்டே இருக்கட்டும். யாராவது கையைப் பிடித்துச் சுண்டி இழுத்துச் சரிசெய்கிறேன் என்றால் தோளைத் தரவே வேண்டாம்.

இதற்குக் காலக்கெடு 12 வாரம். ஆறாவது வாரத்தில் முதலில் தூக்கம் சீராகும், பிறகு தலைவாருவது, கடைசியாகத்தான் மேல் அலமாரி எட்டும். நான் மேலே சொன்ன அந்த 452 பேரின் ஆய்வில், யார் அறுவைக்குப் போவார்கள் என்பதை மிகச் சரியாகக் காட்டியது கிழிசலின் அளவு இல்லை. பிசியோதெரபி பலன் தரும் என்று நோயாளி தொடக்கத்தில் நம்பினாரா இல்லையா என்பதுதான். இதை நினைக்கும்போதெல்லாம், முதல் நாளே நோயாளியிடம் ‘உங்கள் ஜவ்வு கந்தலாகிவிட்டது’ என்று சொல்வது எவ்வளவு பெரிய தீங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா முன்னால் அந்த அறிக்கையை உரக்கப் படித்துக்கொண்டிருக்காதீர்கள்.

12 வாரம் ஒழுங்காகச் செய்தும் இரவு வலி விடவில்லை, கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை, பலவீனம் கூடுகிறது என்றால் அறுவை நிபுணரிடம் போங்கள். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். வலுவான தசையோடும் தளர்ந்த மூட்டோடும் போவதால் அறுவைக்குப் பிந்தைய நாட்களும் எளிதாகும். அறுவையும் உடனே முடிந்துவிடும் காரியம் இல்லை. நான்கிலிருந்து ஆறு வாரம் கையைத் தொட்டிலில் வைத்து, பிறகு மாதக்கணக்கில் இதே பயிற்சிகள்தான். தைத்தது மீண்டும் விட்டுப்போவதும் உண்டு, கிழிசல் பெரிதாகவும் வயது கூடவும் அது அதிகம். 2004இல் வந்த ஓர் ஆய்வில் பெரிய கிழிசல்களைத் துளைவழியாகத் தைத்த 18 பேரில் 17 பேருக்கு ஒரு வருடத்தில் மீண்டும் ஓட்டை தெரிந்தது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைந்து கை நன்றாக இயங்கியது. அம்மாவுடையது போன்ற நடுத்தரக் கிழிசலில் தையல் இதைவிட நன்றாகவே பிடிக்கும், பயப்பட வேண்டாம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், ஓட்டை மூடுவதும் தோள் தேறுவதும் அறுவை செய்துகொண்டவர்களிடம்கூட ஒன்றாக நடப்பதில்லை என்பதைக் காட்டத்தான்.

இரவு வலிக்கு இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்மா மல்லாந்து படுக்கும்போது வலது முழங்கைக்கும் மேல்கைக்கும் கீழே ஒரு தலையணையை வைத்து, முழங்கை உடம்பைவிடத் தாழ்ந்து போகாமல் தாங்கிக்கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கை பின்னால் சரிவதுதான் நள்ளிரவில் எழுப்பிவிடும். இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தால் வலது கை நெஞ்சின் குறுக்கே விழாமல், முன்னால் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு அதன்மேல் கை கிடக்கட்டும். வலது பக்கம் இப்போதைக்கு வேண்டாம். படுத்தாலே வலி ஏறுகிறது என்றால் சில நாட்கள் முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்த நிலையில் தூங்கட்டும். இரண்டு இரவு இப்படிப் பார்த்துவிட்டு, எத்தனை முறை எழுந்தார் என்று மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.